கூரை இல்லை, முன்கண்ணாடியும் இல்லை... ஆனா ஹெல்மெட் உண்டு! மெர்சிடிஸின் 250 ஸ்பெஷல் கார்களில் அப்படி என்ன இருக்கு?

கார் வாங்கும்போது கூடவே இரண்டு ஹெல்மெட்டும் கொடுத்தால் எப்படி இருக்கும்? மெர்சிடிஸ்-ஏஎம்ஜி நிறுவனம் அதைத்தான் செய்திருக்கிறது. 'ப்யூர்ஸ்பீட்' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியான இந்த ஸ்போர்ட்ஸ் காரில் மேற்கூரை கிடையாது. முன்கண்ணாடியும் கிடையாது. மழை வந்தால் இழுத்து மூட மடக்குக் கூரைகூட இல்லை. உலகம் முழுவதற்கும் சேர்த்து மொத்தமே 250 கார்கள்தான்.

கண்ணாடி இருந்த இடத்தில் ஃபார்முலா 1 ரேஸ் கார்களில் பார்க்கும் 'ஹாலோ' என்ற வளைவான பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஒரு காரில் இருக்க வேண்டியதை எல்லாம் கழற்றிவிட்டு, அதையே ஸ்பெஷல் எடிஷன் என்று விற்பது எப்படி? கண்ணாடியை எடுத்தால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும்? இதுபோன்ற கார்களை யார் வாங்குகிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

முதல்ல, இது என்ன கார்?

ப்யூர்ஸ்பீட் முழுக்கப் புதிதாகப் பிறந்த கார் அல்ல. மெர்சிடிஸ்-ஏஎம்ஜியின் எஸ்எல் 63 என்ற ஓபன் டாப் கார்தான் இதன் அடிப்படை. அந்தக் காரில் துணிக் கூரை உண்டு, முன்கண்ணாடி உண்டு, குடும்பத்தோடு நீண்ட தூரம் போகத் தேவையான வசதிகளும் உண்டு. அதிலிருந்து கூரையையும் கண்ணாடியையும், கண்ணாடியைத் தாங்கும் இரண்டு பக்கத் தூண்களையும் நீக்கி, உடலை மறுபடி வடிவமைத்ததுதான் ப்யூர்ஸ்பீட்.

மெர்சிடிஸ் 'மித்தோஸ்' என்ற பெயரில் தொடங்கியுள்ள வரிசையில் இதுதான் முதல் கார். சேகரிப்பாளர்களுக்காக மிகக் குறைந்த எண்ணிக்கையில் கார் செய்வதே இந்த வரிசையின் நோக்கம்.

என்ஜின் பக்கம் பார்த்தால், 4 லிட்டர் இரட்டை டர்போ வி8. 585 குதிரைத்திறன், 800 நியூட்டன் மீட்டர் டார்க். 0-வில் இருந்து 100 கிமீ வேகத்தைத் தொட 3.6 விநாடி. அதிகபட்ச வேகம் மணிக்கு 315 கிமீ.

இங்கேதான் ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கு. கூரையும் கண்ணாடியும் உள்ள சாதாரண எஸ்எல் 63 காரின் எண்களும் ஏறக்குறைய இதேதான்! அதாவது, இவ்வளவையும் கழற்றியதால் கார் வேகமாகிவிடவில்லை. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் இரண்டு காருக்கும் வித்தியாசம் கிடையாது. வாங்குபவர் காசு கொடுப்பது வேகத்துக்காக அல்ல, அந்த வேகம் முகத்தில் அறையும் அனுபவத்துக்காக. இந்தக் காரைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி.

முன்கண்ணாடி செய்யும் 3 வேலைகள்

முன்கண்ணாடி என்றால் காற்றையும் மழையையும் தடுக்கும் ஒரு தகடு என்றுதான் பலரும் நினைப்போம். உண்மையில் அது ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது.

முதல் வேலை, காற்றைத் தடுப்பது. டூவீலர் ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 40 கிமீ வேகத்தில் சுகமாக இருக்கும் காற்று, 80 கிமீ வேகத்தில் நெஞ்சைத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதே காரணம். இந்தக் காரின் உச்ச வேகமான 315 கிமீ வேகத்தில், 100 கிமீ வேகத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய 10 மடங்கு அழுத்தம் இருக்கும். எதிரே வரும் ஒரு சிறு கல்லுக்கும் வண்டுக்கும் இதே கணக்குதான். அந்த வேகத்தில் வண்டு வெறும் வண்டு கிடையாது.

இரண்டாவது வேலை, காருக்கு உறுதி கொடுப்பது. ஒரு செருப்புப் பெட்டியை மூடியோடு பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் வளையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், நெளிந்துவிடும். காரும் அப்படித்தான். கூரையும், பசை போட்டு உடலோடு ஒட்டப்பட்ட முன்கண்ணாடியும், அதன் இருபுறத் தூண்களும் சேர்ந்துதான் கார் முறுக்கிக்கொள்ளாமல் காக்கின்றன. உடல் நெளிந்தால் வளைவுகளில் ஸ்டியரிங் துல்லியமாக இருக்காது, மேடு பள்ளத்தில் கார் அதிரும். அதனால்தான் ஓபன் டாப் கார்களின் அடிப்பகுதியில் கூடுதல் உலோகத்தைச் சேர்க்கிறார்கள். கூரையை எடுத்தாலும் கார் எடை குறையாமல், சில நேரம் கூடிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது வேலை, உயிரைக் காப்பது. கார் தலைகீழாகக் கவிழ்ந்தால் எடையைத் தாங்குவதில் கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்கும் பெரிய பங்கு உண்டு. இவற்றை 'ஏ-பில்லர்' என்பார்கள். பல கார்களில் முன்பக்கப் பயணிக்கான ஏர்பேக் விரியும்போது கண்ணாடியின் மேல் சாய்ந்துதான் சரியான நிலைக்கு வருகிறது.

ஆக, கண்ணாடியை எடுப்பது என்பது ஒரு தகட்டை எடுப்பது அல்ல. இந்த மூன்று வேலைகளையும் வேறு யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். ப்யூர்ஸ்பீட் வடிவமைப்பில் உள்ள ஒவ்வொரு அம்சத்தையும் இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் அது ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும்.

அந்த வேலையெல்லாம் இப்போ யார் செய்றா?

ஏ-பில்லர் செய்த வேலையின் பெரும் பங்கு ஹாலோவுக்குப் போயிருக்கிறது. எஃகுக் குழாயால் ஆன இந்தச் சட்டம், இரண்டு இருக்கைகளுக்கும் முன்னால் நடுவில் ஒற்றைத் தண்டாக எழுந்து, மேலே இரண்டாகப் பிரிந்து, இருவரையும் சுற்றி வளைத்துப் பின்னால் இறங்குகிறது. இருக்கைகளுக்குப் பின்னால் கவிழ்ந்தால் தாங்குவதற்கான வளைவுகளும் உண்டு.

நடுவில் ஒரு தண்டு இருந்தால் சாலை மறைக்காதா என்ற கேள்வி வரும். ஃபார்முலா 1 காரில் ஓட்டுநர் நடுவில் உட்காருவதால் அந்தத் தண்டு அவருடைய மூக்குக்கு நேராகவே இருக்கும். இரண்டு கண்களும் தூரத்தைப் பார்ப்பதால் மெல்லிய தண்டு பெரிதாக மறைப்பதில்லை என்பது அனுபவத்தில் தெரிந்தது. ப்யூர்ஸ்பீடில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவதால், தண்டு இருவருக்கும் இடையில் போய்விடுகிறது. அதோடு, வழக்கமான கார்களில் வளைவில் திரும்பும்போது ஆட்களையே மறைக்கும் தடிமனான ஏ-பில்லரும் இங்கே இல்லை.

காற்றைச் சமாளிக்கும் வேலை, காரின் உடல் வடிவத்துக்குப் போயிருக்கிறது. தாழ்ந்து நீண்ட மூக்கு, நீளமான பானெட், காற்றை உள்ளே இருப்பவர்களின் தலைக்கு மேலே அனுப்ப முயலும் விளிம்புகள் என எல்லாமே காற்றோட்டத்தை வைத்து வரையப்பட்டவை. சக்கரங்களிலும் இது தெரிகிறது. முன் சக்கரங்களின் கார்பன் மூடி திறந்த வடிவில் இருக்கும், பிரேக்குக்குக் காற்று போக வேண்டும் என்பதற்காக. பின் சக்கரங்களின் மூடி முழுக்க மூடியிருக்கும், காற்று எதிர்ப்பைக் குறைப்பதற்காக.

அப்படியும் மிச்சமிருக்கும் காற்று, கல், பூச்சி ஆகியவற்றுக்குத்தான் ஹெல்மெட். காற்றோட்டத்தை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்ட இரண்டு ஹெல்மெட்டுகள் காரோடு வருகின்றன. காற்றின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது என்பதால், உள்ளேயே இன்டர்காம் வசதியும் வைத்திருக்கிறார்கள். கோடிகளில் கார் வாங்கினாலும் ஹெல்மெட்டில் இருந்து தப்ப முடியவில்லை!

செயின்சா எடுத்து அறுக்க நினைத்த ஹாலோ

ஹாலோவின் கதை தெரிந்தால் இந்த காரைப் பார்க்கும் பார்வையே கொஞ்சம் மாறும்.

ஃபார்முலா 1-இல் ஓட்டுநரின் தலை பல ஆண்டுகளாகத் திறந்தவெளியில்தான் இருந்தது. 2009-இல் ஃபார்முலா 2 பந்தயத்தில் வேறொரு காரில் இருந்து கழன்று வந்த சக்கரம் தலையில் மோதி ஹென்றி சர்டீஸ் உயிரிழந்தார். அவருக்கு வயது 18. அடுத்த சில நாட்களில் ஹங்கேரியில், முன்னே போன காரில் இருந்து விழுந்த ஒரு ஸ்பிரிங் ஃபெலிப்பே மாஸாவின் ஹெல்மெட்டில் மோதி மண்டை ஓட்டில் காயம் ஏற்பட்டது. அவர் உயிர் பிழைத்தார். 2015-இல் அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத்தில், விபத்தில் சிதறிய பாகம் தலையில் பட்டு ஜஸ்டின் வில்சன் உயிரிழந்தார். மூவருமே ஹெல்மெட் அணிந்திருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

தலையைக் காக்க என்ன செய்யலாம் என்று பல வழிகள் சோதிக்கப்பட்டன. 2017-இல் கண்ணாடி போன்ற ஒரு தடுப்பை செபாஸ்டியன் வெட்டல் தன் ஃபெராரியில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். அதன் வளைவால் பார்வை பிசகி தலை சுற்றுவதாகச் சொல்லி ஒரே சுற்றில் நிறுத்திவிட்டார். கடைசியில் 2018 சீசன் முதல் டைட்டானியத்தால் ஆன ஹாலோ கட்டாயம் ஆனது. அது சுமார் 12 டன் எடையைத் தாங்கும்.

அப்போது கிளம்பிய எதிர்ப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. 'அசிங்கமாக இருக்கிறது', 'ரேஸின் ஆன்மாவே போய்விட்டது' என்று ரசிகர்கள் திட்டினார்கள். மெர்சிடிஸ் அணியின் தலைவர் டோட்டோ வோல்ஃப், கையில் ஒரு செயின்சா கொடுத்தால் அறுத்து எடுத்துவிடுவேன் என்கிற அளவுக்குப் பேசினார். ஓட்டுநர் ரோமன் க்ரோஷானும் ஹாலோவை எதிர்த்தவர்களில் ஒருவர்.

2020 நவம்பரில் பஹ்ரைன் பந்தயத்தில் அதே க்ரோஷானின் கார் தடுப்பு வேலியைக் கிழித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. வேலியின் இரும்பு, ஹாலோவில் தடுக்கப்பட்டது. நெருப்புக்குள் இருந்து அவர் தானாகவே வெளியே ஏறி வந்தார். தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக மருத்துவமனையில் இருந்தே வெளிப்படையாகச் சொன்னார். 2021-இல் மொன்ஸாவில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் காரின் சக்கரம் லூயிஸ் ஹாமில்டனின் தலைக்கு மேல் ஏறியபோதும், 2022-இல் சில்வர்ஸ்டோனில் ஜோ குவான்யூவின் கார் தலைகீழாகச் சறுக்கியபோதும் ஹாலோதான் குறுக்கே நின்றது.

2018-இல் மெர்சிடிஸ் அணித் தலைவரே அறுத்து எறிய நினைத்த அதே வளைவை, இன்று மெர்சிடிஸ் தன் சேகரிப்பாளர் காரின் அடையாளமாக வைத்து விற்கிறது. அசிங்கம் என்று சொல்லப்பட்டது, உயிரைக் காப்பாற்றிய பிறகு அழகாகிவிட்டது!

ஆனா ஒன்றைக் கவனிக்கணும். ஹாலோ பெரிய பொருட்களையும் கவிழ்வதையும் தடுக்கும். நடுவில் பெரிய இடைவெளி இருப்பதால் சின்னச் சின்னத் துண்டுகளை அதனால் தடுக்க முடியாது. ரேஸ் டிராக்கில் கொடி காட்ட ஆட்கள் இருப்பார்கள், ஓடுதளத்தைச் சுத்தம் செய்வார்கள். பொதுச் சாலையில் முன்னே போகும் லாரியில் இருந்து ஜல்லி விழும்போது அப்படி யாரும் இருக்க மாட்டார்கள்.

ஃபெராரி, மெக்லாரன் என்ன செஞ்சாங்க?

கண்ணாடி இல்லாத கார் செய்த முதல் நிறுவனம் மெர்சிடிஸ் அல்ல. ஒவ்வொரு நிறுவனமும் அதே பிரச்னைக்கு வெவ்வேறு பதில் தேடியிருக்கிறது.

ஃபெராரி மொன்ஸா எஸ்பி1, எஸ்பி2: 2018-இல் அறிமுகம். எஸ்பி1-இல் ஒரே ஒரு இருக்கை, எஸ்பி2-இல் இரண்டு. இரண்டும் சேர்த்து 499 கார்கள். 6.5 லிட்டர் வி12 என்ஜின், 810 குதிரைத்திறன். ஓட்டுநருக்கு முன்னால் உடலுக்குள்ளேயே ஒரு காற்றுப் பாதை வைத்து, காற்றின் ஒரு பகுதியை அதன் வழியே வேகமாக மேலே திருப்பி, வரும் காற்றைத் தலைக்கு மேல் தள்ளும் ஏற்பாடு இதில் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி என்று எளிதாகச் சொல்லலாம்.

மெக்லாரன் எல்வா: 2019-இல் அறிவிக்கப்பட்டது. 4 லிட்டர் இரட்டை டர்போ வி8, 815 குதிரைத்திறன். மூக்கு வழியாக உள்ளே வரும் காற்றை பானெட்டின் மேல் பகுதியில் இருந்து வேகமாக வெளியேற்றி, பயணிகளைச் சுற்றி ஓரளவு அமைதியான காற்றுக் குமிழியை உருவாக்குகிறது. அதற்கு உதவ சிறிய கார்பன் தகடு ஒன்று வேகத்துக்கு ஏற்ப மேலே எழும். ஹெல்மெட் கட்டாயம் இல்லை என்பது மெக்லாரனின் வாதம்.

ஆஸ்டன் மார்ட்டின் வி12 ஸ்பீட்ஸ்டர்: 2020-இல் வெளியானது. மொத்தம் 88 கார்கள், 700 குதிரைத்திறன். விலை 7 லட்சத்து 65 ஆயிரம் பவுண்டில் தொடங்கியது. இன்றைய மதிப்பில் 8 கோடி ரூபாய்க்கு மேல். 1959-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற டிபிஆர்1 காரின் நினைவு இதன் வடிவத்தில் தெரியும்.

ஃபெராரியும் மெக்லாரனும் காற்றையே கண்ணாடியாக்கப் பார்த்தன. மெர்சிடிஸ், காற்று வரட்டும், தலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஹாலோவையும் ஹெல்மெட்டையும் தேர்ந்தெடுத்திருக்கிறது. பொறியியலாகப் பார்த்தால் காற்றுப் பாதைதான் புத்திசாலித்தனமான தீர்வு. ஆனால் காரே கவிழ்ந்தால் காற்றுக் குமிழியால் எதையும் தாங்க முடியாது. அந்த இடத்தில் ஹாலோ சொல்லும் பதில் நேரடியானது.

சிவப்பு நிறம், 10-ஆம் எண், 722... பழைய கதை என்ன?

இந்த வகைக் கார்கள் எல்லாமே பழைய ரேஸ் நினைவுகளை விற்பவை. ப்யூர்ஸ்பீடின் சிவப்பு நிறத்துக்கும் அப்படி ஒரு கதை உண்டு. 2024 மே மாதம் மொனாக்கோவில் இதன் மாதிரி வடிவம் காட்டப்பட்டபோது சிவப்பு நிறமும் 10 என்ற எண்ணும் பூசப்பட்டிருந்தது. 1924-இல் இத்தாலியின் சிசிலித் தீவில் நடந்த டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை வென்ற மெர்சிடிஸ் காரை நினைவுபடுத்தவே இந்த ஏற்பாடு.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ரேஸ் நிறம். ஜெர்மனிக்கு வெள்ளை, இத்தாலிக்குச் சிவப்பு. வெளிநாட்டுக் கார் வந்தால் உள்ளூர் ரசிகர்கள் இடையூறு செய்யலாம் என்பதால், தூரத்தில் இருந்து பார்த்தால் இத்தாலியக் கார் போலத் தெரியட்டும் என்று மெர்சிடிஸ் சிவப்பு பூசியதாகச் சொல்லப்படுகிறது. கிறிஸ்டியன் வெர்னர் அந்தக் காரில் வென்றார். அதை உருவாக்கிய தொழில்நுட்பத் தலைவர் யார் தெரியுமா? பின்னாளில் சொந்தப் பெயரில் கார் நிறுவனம் கண்ட ஃபெர்டினாண்ட் போர்ஷே.

இன்னொரு நினைவு 1955-ஐச் சேர்ந்தது. அந்த ஆண்டு மே 1-ஆம் தேதி, இத்தாலியின் பொதுச் சாலைகளில் சுமார் 1,600 கிமீ தூரம் நடந்த மில்லே மிலியா பந்தயத்தை ஸ்டிர்லிங் மாஸ் 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 157 கிமீக்கு மேல். திறந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் காரில் 722 என்ற எண். காலை 7.22 மணிக்குக் கிளம்பியதால் அந்த எண். பக்கத்தில் உட்கார்ந்து, சுருளாகச் சுற்றிய நீண்ட காகிதத்தில் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் பார்த்து வழி சொன்னவர் பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன். இந்த வெற்றியை நினைவுகூர்ந்து 2009-இல் 'எஸ்எல்ஆர் ஸ்டிர்லிங் மாஸ்' என்ற கண்ணாடி இல்லாத காரை மெர்சிடிஸ் 75 மட்டும் செய்தது. ஆக, இந்த நிறுவனத்துக்கே இது இரண்டாவது முயற்சி.

நிறுவனங்கள் தங்கள் விளம்பரங்களில் இந்த வெற்றிகளைச் சொல்லும். அதே 1955-இல், ஆறு வாரம் கழித்து ஜூன் 11-இல் நடந்ததைச் சொல்வது குறைவு. லெ மான்ஸ் பந்தயத்தில் இன்னொரு 300 எஸ்எல்ஆர் கார், மற்றொரு காரின் மீது ஏறிப் பறந்து பார்வையாளர் பக்கம் சிதறியது. ஓட்டுநர் பியர் லெவே உட்பட 80-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு இறுதியோடு மெர்சிடிஸ் ரேஸில் இருந்தே விலகியது.

திறந்த ரேஸ் கார்களின் காலம் அழகான காலம் மட்டும் இல்லை, ஆபத்தான காலமும்கூட. ப்யூர்ஸ்பீடில் பழைய வடிவமும் புதிய ஹாலோவும் ஒன்றாக இருப்பதில் அந்த வரலாற்றின் இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஏன் 250 மட்டும்? எண் விளையாட்டு எப்படி நடக்குது?

ஸ்பெஷல் எடிஷன் கார்களில் எண்ணிக்கையும் ஒரு வடிவமைப்பு அம்சம்தான். போர்ஷே 2019-இல் 911 ஸ்பீட்ஸ்டர் காரை 1,948 என்ற எண்ணிக்கையில் செய்தது. போர்ஷே பெயரில் முதல் கார் 1948-இல் வந்தது என்பதே காரணம். ஃபெராரி 500-க்கு ஒன்று குறைத்து 499 என்றது. சந்தை கேட்பதைவிட ஒரு கார் குறைவாகச் செய்ய வேண்டும் என்ற பேச்சு அந்த நிறுவனத்தில் வெகுகாலமாக உண்டு.

இந்தக் கணக்கு எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. மெக்லாரன் எல்வா முதலில் 399 கார்கள் என்று அறிவிக்கப்பட்டது. பிறகு 249 ஆனது. கடைசியில் 149-இல் வந்து நின்றது. அரிதாக இருக்க வேண்டும் என்பதற்காகக் குறைத்ததாக நிறுவனம் சொன்னாலும், கொரோனா காலத்தில் இத்தனை விலையுயர்ந்த காருக்கு 399 பேர் கிடைப்பது எளிதல்ல என்பதும் உண்மை.

எஸ்எல்ஆர் ஸ்டிர்லிங் மாஸ் விஷயத்தில் இன்னொரு உத்தி. வரி இல்லாமல் 7.5 லட்சம் யூரோ விலை. ஆனால் காசு இருந்தால் மட்டும் போதாது, ஏற்கெனவே எஸ்எல்ஆர் கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது கிடைத்தது. வாடிக்கையாளரைத் தக்க வைப்பதற்கான பரிசு மாதிரி.

நிறுவனத்துக்கு இதில் லாபம் எங்கே? என்ஜின், கியர்பாக்ஸ், அடித்தளம் எல்லாம் ஏற்கெனவே உருவாக்கியாகிவிட்டது. ப்யூர்ஸ்பீடுக்கு எஸ்எல் 63, மொன்ஸாவுக்கு 812 சூப்பர்ஃபாஸ்ட். புதிய உடலுக்கும் சோதனைகளுக்கும் மட்டுமே புதிய செலவு. மொத்தக் கார்களும் முன்பதிவிலேயே போனால் விற்கவில்லையே என்ற கவலையும் இல்லை. மின்சாரக் கார்களில் எல்லாருடைய வேகமும் ஒன்றுபோல ஆகிவரும் நேரத்தில், 'எங்களிடம் மட்டும் இந்த வரலாறு இருக்கு' என்று காட்டவும் இதுபோன்ற கார்கள் உதவுகின்றன.

சாலையில ஓட்ட முடியுமா?

முடியும், ஆனால் எல்லா இடத்திலும் எளிதாக இல்லை. முன்கண்ணாடி பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு, அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. இதற்கு நல்ல உதாரணம் எல்வாதான். கண்ணாடி இல்லாததே இதன் சிறப்பு என்று விளம்பரம் செய்த மெக்லாரன், அமெரிக்காவின் சில மாநிலங்களில் கண்ணாடி தேவைப்பட்டதால், கண்ணாடி வைத்த எல்வாவையும் பிறகு கொண்டுவந்தது. எடை கூடியது சுமார் 20 கிலோதான். ஆனால் அந்தக் காரில், பெருமையாகச் சொன்ன காற்றுக் குமிழி ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். கண்ணாடி வந்த பிறகு அதற்கு வேலை இல்லையே!

அன்றாட வசதியையும் யோசிக்கணும். மழையில் நிற்க முடியாது. சிக்னலில் நிற்கும்போது ஹெல்மெட்டோடு வெயில் காயணும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து சில மணி நேரம் ஓட்டினால் காற்றின் இரைச்சலே களைப்பாக்கிவிடும். இத்தனையும் சேர்ந்துதான், ஓட்டுவதற்காகவே செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் இந்தக் கார்களில் பல, ஷெட்டுக்குள்ளேயே நிற்கின்றன. கிலோமீட்டர் கூடினால் மறுவிற்பனை விலை குறையும் என்பதால் சேகரிப்பாளர்களுக்கும் ஓட்டத் தயக்கம். காற்றை முகத்தில் உணர்வதற்காகக் கண்ணாடியைக் கழற்றிய கார், காற்றே வராத அறையில் போர்வை போர்த்தி நிற்பது இந்தச் சந்தையின் பெரிய முரண்.

அப்போ நமக்கு இதுல என்ன?

திறந்த காரின் சந்தோஷத்துக்கு இவ்வளவு செலவு தேவையா என்ற கேள்விக்கு 1989-லேயே ஒரு பதில் வந்துவிட்டது. ஜப்பானின் மஸ்டா அந்த ஆண்டு எம்எக்ஸ்-5 என்ற சின்ன ஓபன் டாப் காரை அறிமுகம் செய்தது. சாதாரண என்ஜின், சுமார் ஒரு டன் எடை, கையாலேயே மடக்கக்கூடிய துணிக் கூரை. முன்கண்ணாடி அதன் இடத்திலேயே இருக்கிறது. 2016-க்குள் 10 லட்சம் கார்கள் தயாராகிவிட்டன. ஓட்டும் சந்தோஷம் என்று வந்தால் இன்றும் உலகம் முழுக்க உதாரணம் காட்டப்படும் கார் அது.

ப்யூர்ஸ்பீட் போன்ற கார்கள் தேவையில்லாதவை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கண்ணாடி, கூரை, தூண் என்று நாம் கவனிக்காமலே விடும் பாகங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை, அவற்றை எடுத்துக் காட்டிய பிறகுதான் புரிந்துகொள்ள முடிகிறது. ரேஸ் டிராக்கில் பிறந்த ஒரு உயிர் காக்கும் சட்டம், சாலைக் காரிலும் இடம்பிடிக்கலாம் என்பதையும் இது காட்டியிருக்கிறது.

ஆனால் கணக்கு கணக்குதான். கூரையும் கண்ணாடியும் உள்ள எஸ்எல் 63-உம் அதே 3.6 விநாடியில் 100 கிமீ வேகத்தைத் தொடும். மழை பெய்தால் அதில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். ப்யூர்ஸ்பீடில் ஓரமாக நிறுத்துவதைத் தவிர வழியில்லை.